ஏரியில் ஒரு பாடு, மாடியில் ஒரு மேசை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கச் செயலாளர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். "நீங்க சென்னையில ஒரு பகிர்வு அலுவலகத்துல உட்கார்ந்துதானே தொழில் பண்றீங்க? அந்த மாதிரிக் கம்பெனிங்க எப்படி வளர்ந்துச்சுன்னு பசங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன். அரை மணி நேரம் போதும்" என்றார். வணிகவியல் படித்தவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு முதலில் என் நன்றி.

இந்தத் தலைப்பைக் கொடுத்ததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பழவேற்காட்டில் ஒரு கட்டடத்தை எடுத்து, நம் குப்பங்களிலிருந்து படித்து வரும் பிள்ளைகள் சொந்தத் தொழில் தொடங்க ஒரு பொது அலுவலகம் திறக்கலாமா என்று சங்கம் யோசித்துக்கொண்டிருக்கிறது. மேசை எத்தனை, நாற்காலி எத்தனை, ஏ.சி. வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. நான் ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். பொன்னேரி வழியாகப் பஸ் பிடித்து வந்து படித்தவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் உண்டு. மேசை வாங்குவதற்கு முன்னால் பேச வேண்டிய ஒன்றைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பகிர்வு அலுவலகம் என்றால் என்ன?

இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர், "கோ-ஒர்க்கிங்னு பையன் சொல்றான், அது என்னப்பா கம்பெனி?" என்று கேட்கக்கூடும். விஷயம் எளிது. ஒருவர் ஒரு பெரிய மாடியை மொத்தமாக வாடகைக்கு எடுக்கிறார். அதில் மேசை, நாற்காலி, மின்சாரம், இன்டர்நெட், காபி, கூட்டம் போட ஓர் அறை, கடிதம் வாங்கி வைக்க ஒரு ஆள் எல்லாம் ஏற்பாடு செய்கிறார். பிறகு அந்த மாடியை மேசை மேசையாகப் பிரித்து, நாளுக்கோ மாதத்துக்கோ வாடகைக்கு விடுகிறார். லாட்ஜுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே கட்டில், இங்கே மேசை.

சிறு தொழில் செய்பவனுக்கு இதில் நிஜமான லாபம் உண்டு. சென்னையில் தனியாக ஓர் அலுவலகம் எடுத்தால் பல மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். வயரிங், மேசை, கணினி என்று கையில் இருக்கும் முதல் எல்லாம் சுவரிலேயே போய்விடும். தொழில் நடக்காவிட்டால் அந்தச் சுவரைப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. பகிர்வு அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கலாம். சரிப்படவில்லையா, பையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இந்த யோசனை புதிதல்ல. மார்க் டிக்சன் என்ற ஆங்கிலேயர் 1989இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ரீஜஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். பயணம் வந்த வியாபாரிகள் ஓட்டலிலும் காபிக் கடையிலும் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் கண்டு, இவர்களுக்கு ஓர் அலுவலகத்தை நாள் கணக்கில் கொடுத்தால் என்ன என்று தோன்றியதாம். 2000இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில் இன்டர்நெட் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். கட்டட வாடகை மட்டும் காலி செய்யவில்லை. 2003 ஜனவரியில் அவர்களுடைய அமெரிக்கக் கிளை திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க வேண்டி வந்தது. பிறகு சமாளித்து எழுந்து, ஐ.டபிள்யூ.ஜி. என்ற பெயரில் உலகமெங்கும் நடக்கிறார்கள்.

கோ-ஒர்க்கிங் என்ற பெயரிலேயே இது நடக்கத் தொடங்கியது 2005இல், சான் பிரான்சிஸ்கோவில். பிராட் நியூபெர்க் என்ற கணினி எழுத்தாளர் ஒரு பெண்கள் அமைப்பின் இடத்தை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வாடகைக்கு எடுத்து, சில மேசைகளைப் போட்டு, வாருங்கள் சேர்ந்து வேலை செய்யலாம் என்று அழைத்தார். முதல் மாதம் ஒரு ஈ காக்கை வரவில்லை. அப்புறம் ஒருவர் வந்தார், பிறகு சிலர் வந்தார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். இடம் வேறொருவருடையது, இவருக்கு வாரத்தில் இரண்டு நாள். அதாவது முறை. இந்த வார்த்தைக்குப் பிறகு வருகிறேன்.

வளர்ந்த கதை, வீங்கிய கதை

இந்தத் தொழிலில் எல்லோரும் பேசிய பெயர் வீவொர்க். ஆடம் நியூமன், மிகேல் மெக்கெல்வி என்ற இருவர் 2010இல் நியூயார்க்கில் தொடங்கினார்கள். ஒன்பதே ஆண்டில் 29 நாடுகள், 111 நகரங்கள், 528 இடங்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2019 ஜனவரியில் அந்தக் கம்பெனிக்கு முதலீட்டாளர்கள் போட்ட மதிப்பு 4,700 கோடி டாலர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பங்கு வெளியீட்டுக்காகத் தங்கள் கணக்கைப் பொதுவில் வைத்தார்கள். கணக்கு தெரிந்தவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்த குத்தகைகளுக்கு வருங்காலத்தில் கட்ட வேண்டிய தொகையும் ஏறத்தாழ 4,700 கோடி டாலர். மேசை எடுத்தவர்கள் உறுதியாகத் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த தொகை சுமார் 400 கோடி டாலர். கட்டடக்காரரிடம் 15 ஆண்டுக்குக் கையெழுத்து. மேசைக்காரர் மாதக் கணக்கில் வருவார், போவார். செப்டம்பர் முடிவதற்குள் பங்கு வெளியீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொரோனா வந்து அலுவலகங்களே காலியான பிறகு நிலைமை இன்னும் மோசம். 2023 நவம்பரில் திவால் மனு. 2024 ஜூனில்தான், பல குத்தகைகளை உதறிவிட்டு, அதிலிருந்து வெளியே வந்தார்கள்.

தம்பி தங்கைகளுக்காக ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இது உதாரணத்துக்குத்தான். ஒரு மாடியில் 100 மேசை. வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 5 லட்சம். மேசைக்கு வாடகை 8,000 ரூபாய். 63 மேசை நிரம்பினால் செலவு அடைந்துவிடும். 80 நிரம்பினால் 1,40,000 லாபம். 55தான் நிரம்பியது என்றால் 60,000 நஷ்டம். ஒரு மாடியில் 60,000 நஷ்டம் என்றால் தாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பத்து மாடியை ஒரே வருஷத்தில் திறந்தால் மாதம் 6 லட்சம் போகும். மாடி எண்ணிக்கை ஏற ஏறப் பத்திரிகையில் போட்டோ வரும், வளர்ச்சி என்று சொல்வார்கள். உள்ளே நடப்பது நஷ்டத்தைப் பெருக்குவது. இந்தத் தொழிலின் நோய் ஒரே வரியில் சொல்லக்கூடியது: செலவு கல்லில் எழுதியது, வரவு தண்ணீரில் எழுதியது.

தண்ணீரில் எழுதிய வரவை வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தவர்கள் யார்? நாம்தான். ஆகவே இப்போது ஏரிக்குப் போவோம்.

பாடு

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டிச் சோழமண்டலக் கரை வியாபாரத்தையே இங்கிருந்து நடத்தினார்கள். 1690இல்தான் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நம் ஊர்த் துணி கடல் தாண்டிப் போய், பாலையக்காடு லுங்கி என்று இன்றும் பெயர் சொல்கிறது. அந்தப் பெருமையெல்லாம் நீங்கள் அறிந்ததே. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று நம் கண் எதிரே இருக்கிறது. நமக்குப் பழகிப் போனதால் அதைச் சங்கதியாகவே நாம் நினைப்பதில்லை. அதுதான் பாடு.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் இந்த மூன்று ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன இறால் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. ஏரியில் தின்று வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு மறுபடியும் கடலுக்குப் போகிறது. போகும் வழியில், நீரோட்டத்தில் கம்பு நட்டுச் சுத்துவலை கட்டினால் நல்ல பாடு கிடைக்கும். ஆனால் அப்படி வலை கட்டத் தோதான இடம் கொஞ்சம்தான். முகத்துவாரத்துக்குக் கிட்ட இருக்கும் இடத்துக்கும், தள்ளி இருக்கும் இடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் நின்றால் என்ன ஆகும்? முதலில் வலையும் வலையும் சிக்கும். அடுத்தது கம்பும் கம்பும் மோதும். அப்புறம் ஆளும் ஆளும்.

அதற்குப் பெரியவர்கள் கண்ட வழிதான் பாட்டு முறை. இடங்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஊர்க் கணக்கில் பெயர் ஏறியவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டார்கள். சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரித்தார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளைக்குச் சுமாரான இடத்துக்குப் போக வேண்டும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். ஏரி யாருக்கும் சொந்தமில்லை. முறைதான் சொந்தம்.

வார்த்தையைப் பாருங்கள். தமிழில் பாடு என்றால் உழைப்பு, பாடுபடுகிறோம். பாடு என்றால் கஷ்டம், என் பாடு திண்டாட்டம் என்கிறோம். கடற்கரையில் பாடு என்றால் கிடைத்த மீன். அதே பாடுதான் தொழில் செய்யும் இடமும். இலங்கைத் தமிழர்கள் கரைவலை இழுக்கும் இடத்தைக் கரைவலைப் பாடு என்கிறார்கள். பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. வேலை, வேலையின் கஷ்டம், வேலையின் பலன், வேலை செய்யும் இடம் நாலுக்கும் ஒரே சொல். கோ-ஒர்க்கிங் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவரிடம் இதைப் பற்றி ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தேன். "ஏன் பெரியப்பா, நல்லா வலை கட்டத் தெரிஞ்சவனுக்கே நல்ல இடத்தைக் கொடுத்துட்டா ஊருக்கு மீன் ஜாஸ்தி வருமே" என்றேன். அவர் சொன்ன பதில்: "வரும்டா. ரெண்டு வருசம் வரும். மூணாவது வருசம் அவன்கிட்ட நாலு படகு இருக்கும், மத்தவன்லாம் அவன்கிட்ட கூலிக்குப் போவான். அப்புறம் ஊருன்னு ஒண்ணு எங்க இருக்கும்?" பொருளாதாரம் படித்த பேராசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

உலகத்தில் வேறு ஊர்களிலும்

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. கொச்சிக் காயலில் ஊன்றுவலை கட்டுபவர்களிடம் பாடு என்ற பெயரிலேயே முறை உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் மீனவர் சங்கங்கள் வழியாகச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள். துருக்கியில் அலன்யா என்ற ஊர் இருக்கிறது. அங்கே செப்டம்பர் மாதம் மீனவர் பட்டியல் எழுதி, வலை போடும் இடங்களுக்கும் பட்டியல் எழுதி, குலுக்கல் நடத்துவார்கள். ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு தினம் ஓர் இடம் மேற்கே. மீன் கூட்டம் போகிற திசை மாறுவதால், எல்லோருக்கும் சம வாய்ப்பு வரும்படி இந்த ஏற்பாடு.

இந்த அலன்யா கதையைத் தன் புத்தகத்தில் எழுதிப் பிரபலமாக்கியவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார். பொதுச் சொத்தை அரசாங்கமும் முதலாளியும் மட்டும்தான் காக்க முடியும் என்பதில்லை, அதைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990இல் வந்த அந்த நூலில் உதாரணங்களோடு காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. நம் குப்பத்துப் பெரியவர்கள் செய்தது எந்த உயரத்தில் வைத்துப் பேசப்படுகிற விஷயம் என்பதை, குப்பத்திலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா மீன் பிடிக்கிறார் என்று சொல்லத் தலையைக் குனிகிற தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். குனிய வேண்டாம்.

பங்குக் கணக்கு

இப்போது மறுபடி மாடிக்கு வருவோம். வீவொர்க் விழுந்த அதே தொழிலில் நம் நாட்டில் வளர்ந்தவர்களும் உண்டு. ஆஃபிஸ் என்று ஒரு கம்பெனி, அமித் ரமணி என்பவர் தொடங்கியது. சென்னையிலும் அவர்களுக்கு இடங்கள் உண்டு. அவர்கள் கட்டடக்காரரிடம் சொன்னது இது: "உங்களுக்கு நிலையான பெரிய வாடகை தருவதாக நாங்கள் சொல்லவில்லை. உள் அலங்காரச் செலவில் நீங்களும் ஒரு பகுதி போடுங்கள். வருகிற வருமானத்தில் உங்களுக்குப் பங்கு." அவர்களுடைய இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாட்டில் நடப்பவை. 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். பல ஆண்டு நஷ்டத்துக்குப் பிறகு 2024-25 நிதியாண்டில் லாபக் கணக்குக் காட்டினார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் குப்பத்துக்காரர்கள் சிரிப்பீர்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று நாம் பிரிப்பதுதான் இது. படகு கொடுத்தவன் மீன் வந்தாலும் வராவிட்டாலும் தினம் இவ்வளவு என்று கேட்டால் எந்தக் கூட்டமும் கடலுக்குப் போக முடியாது. மீன் வந்தால் பங்கு, வராவிட்டால் எல்லோருக்கும் கஞ்சி. நஷ்டத்தையும் பிரித்துக்கொள்வதால்தான் ஒருவன் தலையில் மொத்தமும் விழுவதில்லை. பத்து வருஷ அனுபவத்தில் பெரிய கம்பெனிகள் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் வலையைத் தூக்கும்போதே கற்றுக்கொண்டோம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பெனிகளில் பல இளம் தொழில்முனைவோருக்காக என்று சொல்லி ஆரம்பித்தவை. வளர்ந்த பிறகு இவற்றின் மேசைகளை அதிகம் நிரப்புவது யார் என்று பார்த்தால், பெரிய கம்பெனிகள். ஐம்பது மேசை, நூறு மேசை என்று மொத்தமாக எடுத்து, மூன்று வருஷம் ஐந்து வருஷம் ஒப்பந்தம் போடுகிறார்கள். கணக்குப்படி அது சரி, காலி மேசை பயம் இல்லை. ஆனால் ஒற்றை மேசைக்கு வருகிற பையனுக்கு மூலை இடம்தான் மிஞ்சும். முறை வைக்காத இடத்தில் பெரிய வலைக்காரன்தான் முகத்துவாரத்தைப் பிடிப்பான்.

பாட்டில் உள்ள குறை

நம் பெருமையை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் அது நியாயமான பேச்சாக இருக்காது. பாட்டு முறைக்கும் இரண்டு பெரிய குறைகள் உண்டு.

முதல் குறை, பட்டியலில் யார் பெயர் இல்லை என்பது. பாடு பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு. ஏரியை நம்பியே வாழும் மற்ற ஊர்க்காரர்கள், மற்ற சமூகத்தார் வெளியே நின்றார்கள். சேற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பட்டியலில் இடம் இல்லை. கூடையைச் சுமந்து மீன் விற்று வீட்டை நடத்தும் நம் அம்மாக்களின் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு, எங்களுக்கும் முறை வேண்டும் என்று வெளியே நின்றவர்கள் கேட்டார்கள். அதனால் வந்த சண்டைகள், பேச்சுவார்த்தைகள் இங்கே பல பேருக்கு நேரிலேயே தெரியும். உள்ளே இருப்பவனுக்கு நியாயமாகத் தோன்றுகிற விதி, வெளியே நிற்பவனுக்குச் சுவராகத் தெரியும்.

இரண்டாவது குறை இதற்கு நேர் எதிர். எல்லோரையும் கணக்கில்லாமல் சேர்த்தால் என்ன ஆகும்? தென்னிலங்கையில் மாவெல்ல என்ற ஊரில் கரைவலை இழுப்பதற்கு அருமையான முறை இருந்தது. பால் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் அதை ஆராய்ந்திருக்கிறார். மீனுக்கு நல்ல விலை வரத் தொடங்கியதும் புதிது புதிதாக வலைகள் சேர்ந்தன. கரை அதே கரைதான், மீன் அதே மீன்தான். வலை பெருகப் பெருக, ஒருவனுக்கு முறை வருவதற்கே மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. முறை இருந்தது, முறையால் பிழைக்க முடியவில்லை. வளர்ச்சி என்ற பெயரில் வீவொர்க் மாடியைப் பெருக்கியது, மாவெல்லயில் வலையைப் பெருக்கினார்கள். இரண்டிலும் வருகிற மீன் எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் கட்டடம்

சரி, நம் கட்டடத்துக்கு வருகிறேன். அது தேவையா? தேவை என்பதுதான் என் கருத்து. ஏரியின் நிலைமை உங்களுக்குத் தெரியும். முகத்துவாரம் மண் மூடி, தண்ணீர் ஏறி இறங்காமல் போகும் காலங்களில் இறாலும் இல்லை, மடவையும் இல்லை. தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கடலோரம் மாறிக்கொண்டே வருகிறது. படித்த பிள்ளை திரும்பவும் வலையைத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லவும் முடியாது. எல்லோரும் ஊரைக் காலி செய்து சென்னையில் அறை எடுக்கவும் முடியாது. அரசாங்கம் 2024இல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் டைடல் நியோ பூங்காக்களைத் திறந்திருக்கிறது. சிறு ஊருக்கும் மேசை வரலாம் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் நம் ஊரில் யார் வந்து உட்காருவார்கள்? கணினி எழுதுகிற இரண்டு பேர் வரலாம். மற்றவர்கள் யார்? நண்டை உயிரோடு கட்டிச் சென்னைக்கு அனுப்புகிற வியாபாரிக்குப் பில் போட, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஓர் இடம் வேண்டும். கருவாடு போடுகிற அம்மாவுக்குப் பொட்டலம் கட்ட, எடை போட, லேபிள் ஒட்ட ஒரு சுத்தமான மேசை வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு மனு எழுத ஓர் ஆள் வேண்டும். பனையோலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிற பெண்களுக்குப் பொருளைப் படம் எடுத்து ஆர்டர் பிடிக்க வேண்டும். இவர்கள்தான் நம் தொழில்முனைவோர். எட்டு மணி நேரம் ஏ.சி. அறையில் உட்கார இவர்களுக்கு நேரம் கிடையாது. விடிகாலையில் மீன் வரும், பத்து மணிக்கு மேல் ஓயும். இரண்டு மணி நேரம் போதும். மேசையைவிட அந்த இரண்டு மணி நேரத்தின் முறைதான் முக்கியம்.

கடலோரத்தில் பொதுக் கட்டடங்கள் நமக்குப் புதிதல்ல. வலைப்பின்னும் கூடம், மீன் உலர்தளம், ஏலக்கூடம் எல்லாம் பார்த்தவர்கள் நாம். நன்றாக நடப்பதும் உண்டு, திறப்பு விழாக் கல்வெட்டோடு பூட்டிக் கிடப்பதும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் சிமெண்டில் இல்லை. சாவி யாரிடம், முறை யாருக்கு, உடைந்தால் செலவு யாருடையது என்று முதல் நாளே எழுதி வைத்தார்களா என்பதில் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, கட்டடத்துக்கு நிலையான வாடகை பேச வேண்டாம். கட்டடம் தருபவருக்கு வருமானத்தில் பங்கு என்று பேசுவோம். அதற்கு ஒப்புக்கொள்கிற ஒருவர் கிடைக்கும் வரை பொறுத்திருப்போம்.

இரண்டு, பத்து மேசையோடு ஆரம்பிப்போம். பத்தும் ஆறு மாதம் நிரம்பிய பிறகுதான் பதினோராவது மேசை. ஒருவரே மூன்று மேசைக்கு மேல் எடுக்கக் கூடாது.

மூன்று, நல்ல இடம், நல்ல நேரம் எல்லோருக்கும் சுற்றி வர வேண்டும். ஜன்னலோர மேசை, கூட்ட அறை, காலை பத்து மணி நேரம், எல்லாம் மாதம் ஒரு முறை சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட வேண்டும். சங்கத் தலைவரின் மகனாக இருந்தாலும் சீட்டுதான். தலைவர் மன்னிக்க வேண்டும்.

நான்கு, இதுதான் நான் முக்கியமாக நினைப்பது. பட்டியலில் பாதிப் பெயர் பெண்களுடையதாக இருக்க வேண்டும். எந்தக் குப்பம், எந்தத் தெரு, எந்தச் சமூகம், பட்டம் உண்டா இல்லையா என்று கேட்கக் கூடாது. பாட்டு முறையின் நியாயத்தை எடுத்துக்கொள்வோம், பட்டியலின் சுவரை விட்டுவிடுவோம். இந்த நான்காவது விதிக்கு நாம் உடன்படவில்லை என்றால், அந்தக் கட்டடத்தைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்பது என் தாழ்மையான கருத்து. ஏற்கெனவே இடம் உள்ளவர்களுக்கு இன்னொரு இடம் தருவதற்கு ஒரு சங்கம் எதற்கு?

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தொழில் தொடங்குங்கள் என்று எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். தொடங்குங்கள், நானும் சொல்கிறேன். அதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். மாதம் தவறாமல் நான் கட்ட வேண்டியது எவ்வளவு? எனக்கு வருவது எத்தனை மாதம் தள்ளிப் போனாலும் தாங்குவேன்? நஷ்டம் வந்தால் அதில் பங்கு போட யார் கூட இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் தனியாக ஏரியில் இறங்குவதில்லை. நீங்களும் இறங்க வேண்டாம். இந்த வருஷம் விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, உங்கள் ஊர் முறை எப்படி என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அவர்களுக்குப் பின்னால் சொல்ல ஆள் இருக்காது. அடுத்த ஆண்டு மலரில் அதை அச்சிட வேண்டும் என்று மலர்க் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் தாண்டிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எனக்குப் பின்னால் பேச வேண்டியவர்கள் வரிசையில் இருக்கிறார்கள், முறையை நானே மீறக் கூடாது. சங்கம் எடுக்கும் முடிவு எதுவானாலும், புதிய இடத்தின் வரவு செலவுக் கணக்கை முதல் இரண்டு ஆண்டு கட்டணம் வாங்காமல் எழுதித் தருகிறேன் என்று இந்த மேடையில் வாக்குக் கொடுக்கிறேன்.